காணவில்லை என்றால் இல்லையா?

அரசாங்க வேலையில் 36 ஆண்டுகள் இருந்தேன். அந்த 36 ஆண்டுகளில் நான் அதிகம் எழுதிய சொல் எது என்று கேட்டால், யோசிக்காமல் சொல்வேன்: 'இல்லை'. ஆதாரம் இல்லை. பதிவு இல்லை. தகுதி இல்லை. நிதி இல்லை. பேனா மையில் பாதி இந்தச் சொல்லுக்கே செலவாகியிருக்கும்.

அந்தச் சொல்லை நான் ஒரு முறை தவறாக எழுதினேன். அந்தத் தவறுக்குக் கணினித் துறையில் ஒரு பெயரும் ஒரு வரலாறும் இருக்கின்றன என்று இந்த வயதில்தான் தெரிந்துகொண்டேன். அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதப்போகிறேன். கொஞ்சம் தர்க்கம் வரும். பயப்பட வேண்டாம், கண்மாயும் கொக்கும் துணைக்கு வருவார்கள்.

போன கோடை விடுமுறையில் பேரன் குமாரலிங்கபுரம் வந்திருந்தான். கணினிப் பொறியியல் படிக்கிறான். புரோலாக் என்று ஒரு மொழி அவனுக்குப் பாடமாம். திண்ணையில் உட்கார்ந்து எங்கள் குடும்ப வம்சாவளியை அதில் ஏற்றினான். இன்னாருக்கு இன்னார் அப்பா, இன்னாருக்கு இன்னார் தம்பி என்று நான் சொல்லச் சொல்ல எழுதினான். பிறகு, "கேளுங்க தாத்தா, எது வேணும்னாலும் கேளுங்க" என்றான்.

"எங்கப்பாவுக்கு அக்கா உண்டா என்று கேள்" என்றேன். 'இல்லை' என்று வந்தது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பந்தல்குடியில் வாக்கப்பட்ட என் அத்தை மடியில் நான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். அவள் எப்படி இல்லாமல் போவாள்?

"மெஷின் மேல தப்பில்லை தாத்தா. அவங்க பேரை நீங்க சொல்லலை, நான் எழுதலை. அதுக்கிட்ட இல்லைன்னா இல்லைதான்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1976-ல் நான் எழுதிய ஒரு குறிப்பு ஞாபகத்துக்கு வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்குமுன், அந்த மெஷின் ஏன் அப்படிச் சொன்னது என்று பார்ப்போம்.

நான் பிறந்து படித்தது காரைக்காலில், பிரெஞ்சு வழியில். எங்கள் வாத்தியார் ஒருவர் தர்க்கம் சொல்லிக்கொடுக்கும்போது, 'தியேர் எக்ஸ்க்ளூ' என்று கரும்பலகையில் எழுதி இரண்டு கோடு போடுவார். 'மூன்றாவதற்கு இடமில்லை' என்று பொருள். ஒரு கூற்று உண்மை, அல்லது அதன் மறுப்பு உண்மை. நடுவில் நாற்காலி கிடையாது. அரிஸ்டாட்டில் காலத்திலிருந்து வந்த விதி இது. இதை நம்பி நிற்கும் தர்க்கத்தை அறிஞர்கள் செவ்வியல் தர்க்கம் என்கிறார்கள்.

கணினியை யோசிக்கவைக்கப் புறப்பட்டவர்கள் முதலில் இந்தத் தர்க்கத்தையே எடுத்துக்கொண்டார்கள். 1956-ல் அமெரிக்காவில் நியூவெல், சைமன், ஷா என்ற மூவர் எழுதிய நிரல், ரஸ்ஸலும் வைட்ஹெட்டும் எழுதிய பெரிய கணித நூலின் இரண்டாம் அத்தியாயத்திலிருந்து 52 தேற்றங்களை எடுத்து 38-ஐ நிரூபித்தது. ஆனால் அது மனிதர்கள் கணக்குப் போடும் தந்திரங்களைப் பார்த்து நடந்தது. மெஷினுக்கென்று ஒரு வழி வேண்டியிருந்தது.

அந்த வழிக்கு அஸ்திவாரம் போட்டவர் ஒரு பிரெஞ்சு இளைஞர், ழாக் எர்பிராண். 1908-ல் பிறந்தவர். 1930-ல் ஆய்வேட்டை முடித்தார். 1931 ஜூலையில் ஆல்ப்ஸ் மலையேறும்போது விழுந்து இறந்தார். வயது 23. 'எல்லாவற்றுக்கும்', 'ஏதோ ஒன்றுக்கு' என்று பொதுவாகப் பேசும் கூற்றுகளை, குறிப்பிட்ட பெயர்களை நிரப்பிய சாதாரணக் கூற்றுகளாக மாற்றிச் சோதிக்கலாம் என்று அவர் காட்டியிருந்தார். கணினி என்ற பொருளே இல்லாத காலம் அது.

அடுத்த அடியை வைத்தவர் ஆலன் ராபின்சன். இங்கிலாந்துக்காரர், கேம்பிரிட்ஜில் கிரேக்கமும் லத்தீனும் படித்துவிட்டு, பிறகு தத்துவத்தில் பட்டம் வாங்கியவர். 1965-ல் அவர் வெளியிட்ட முறைக்கு 'ரெசல்யூஷன்' என்று பெயர். நம் பஞ்சாயத்துகளில் போடும் தீர்மானத்துக்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான். ஆனால் இது வேறு. கணக்குப் பிரிவில் வேலை பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். ஒரு பக்கம் வரவு, மறு பக்கம் அதே தொகை செலவு என்றால் இரண்டையும் அடித்துவிட்டு மிச்சத்தை இறக்கி எழுதுவோம் இல்லையா? அதேதான்.

எல்லாச் செய்தியையும் 'அல்லது' போட்டு எழுத வேண்டும். பாருங்கள்:

ஒன்று: மழை பெய்யவில்லை, அல்லது கண்மாய் நிறைந்தது.
இரண்டு: கண்மாய் நிறையவில்லை, அல்லது கொக்கு வந்தது.
மூன்று: மழை பெய்தது.

கொக்கு வந்ததா என்பது கேள்வி. மெஷின் என்ன செய்யும் தெரியுமா? முதலில் 'கொக்கு வரவில்லை' என்று எதிரே ஒரு வரியைத் தானே எழுதிக்கொள்ளும். பிறகு அடிக்கத் தொடங்கும். முதல் வரியின் 'மழை பெய்யவில்லை', மூன்றாம் வரியின் 'மழை பெய்தது' இரண்டும் அடிபடும். மிச்சம், 'கண்மாய் நிறைந்தது'. அதை இரண்டாம் வரியோடு சேர்த்து அடித்தால் மிச்சம், 'கொக்கு வந்தது'. அதையும் தானே எழுதிய 'கொக்கு வரவில்லை'யையும் அடித்தால் மிச்சம் ஒன்றுமில்லை, வெறும் தாள். வெறும் தாள் வந்தால் முரண்பாடு என்று பொருள். ஆகவே எதிரே எழுதியது பொய், கொக்கு வந்தது மெய்.

செய்திகள் பொதுவாக இருந்தால்? 'எந்த ஊரில் மழை பெய்தாலும் அந்த ஊர்க் கண்மாய் நிறையும்' என்பது அச்சடித்த படிவம் மாதிரி. ஊர்ப் பெயருக்குக் கோடிட்ட இடம் இருக்கிறது. அதில் எதை, எவ்வளவு நிரப்பினால் இரண்டு வரிகள் அடிபடும் என்று கண்டுபிடித்து, தேவைக்குமேல் ஓர் எழுத்தும் நிரப்பாமல் விடுவதற்கு ராபின்சன் ஒழுங்கான வழி சொன்னார். ஒரே விதி, அதை வைத்தே முழுத் தர்க்கமும் ஓடும். மெஷினுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த முறை பிரான்சுக்குத் திரும்பி வந்து மொழியானது. மர்சேய் நகரில் அலேன் கோல்மரோயரும் அவருடைய கூட்டாளிகளும், எடின்பரோவிலிருந்த ராபர்ட் கோவால்ஸ்கியின் யோசனைகளையும் சேர்த்துக்கொண்டு, 1972-ல் புரோலாக்கை உருவாக்கினார்கள். 'தர்க்கத்தில் நிரலெழுதுதல்' என்பதற்கான பிரெஞ்சுத் தொடரின் சுருக்கமே அந்தப் பெயர். அவர்கள் எழுதிய முதல் பெரிய நிரலோடு பிரெஞ்சில்தான் பேச வேண்டும். நான் படித்த மொழியில் மெஷின் முதன்முதலாகத் தர்க்கம் பேசியது என்று பேரன் சொன்னபோது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் கர்வமாக இருந்தது.

இப்போது என் அத்தை விஷயத்துக்கு வருவோம். புரோலாக் ஒன்றை நிரூபிக்க எல்லா வழியும் தேடும். கிடைக்காவிட்டால் 'இல்லை' என்று விடை சொல்லும். தேடித் தோற்றதையே மறுப்பாக எடுத்துக்கொள்ளும் இந்த வழக்கத்தை 1978-ல் கீத் கிளார்க் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். அதே ஆண்டு ரேமண்ட் ரைட்டர், 'என்னிடம் உள்ளதே முழு உலகம்' என்று வைத்துக்கொள்வதைத் தனியாகப் பெயரிட்டு எழுதினார்.

இது சில இடங்களில் சரி. அருப்புக்கோட்டை பேருந்து நிலையத்தில் நேர அட்டவணையில் மூன்று மணிக்குத் திருச்சுழி வண்டி எழுதவில்லை என்றால், மூன்று மணிக்கு வண்டி இல்லை என்றே பொருள். அட்டவணை போடுகிறவன் 'இந்த வண்டி இல்லை, அந்த வண்டி இல்லை' என்று எழுதிக்கொண்டிருக்க மாட்டான். ஆனால் ஊரில் நடந்த எல்லாச் சாவும் பதிவேட்டில் ஏறியிருக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? அட்டவணை முழுமையானது, பதிவேடு முழுமையானதில்லை. இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தால் அநியாயம் நடக்கும்.

'உண்டு, இல்லை' என்ற இரண்டு பெட்டிக்குள் உலகம் அடங்காது என்று கணக்காசிரியர்களே முன்பே சொல்லியிருக்கிறார்கள். டச்சுக்காரர் பிரௌவர் 1908-ல், எங்கள் வாத்தியாரின் அந்த 'மூன்றாவதற்கு இடமில்லை' விதியை எல்லா இடத்திலும் நம்ப முடியாது என்றார். ஒன்று உண்டு என்றால் அதைக் கட்டிக் காட்டு. 'இல்லை என்பது பொய்' என்று காட்டினால் போதாது என்பது அவர் கட்சி. போலந்தின் உகாசியேவிச் 1920-ல் உண்மை, பொய் இரண்டோடு மூன்றாவது மதிப்பையும் வைத்தார். அமெரிக்காவின் லூயிஸ் 1918-ல் 'கட்டாயம்', 'கூடும்' என்பவற்றுக்குத் தர்க்கம் எழுதினார். பின்னால் வந்தவர்கள் 'அறிவான்', 'நம்புகிறான்' என்பவற்றையும் அதே வழியில் சேர்த்தார்கள். இவற்றைச் செவ்வியல் அல்லாத தர்க்கங்கள் என்பார்கள்.

இங்கே ராபின்சனின் அடித்தல் முறை முட்டிக்கொண்டது. ஏன் என்று பாருங்கள். 'மாடு வீடு திரும்பிவிட்டது' என்று அண்ணன் நம்புகிறான். 'திரும்பவில்லை' என்று தம்பி நம்புகிறான். இரண்டும் எதிரெதிர்தான், ஆனால் ஒன்றையொன்று அடிக்க முடியுமா? வேறு வேறு ஆள் மனசில் உள்ள செய்திகள் அல்லவா? பிரௌவரின் தர்க்கத்திலோ, எதிரே எழுதிய வரியைப் பொய்யாக்கினால் கிடைப்பது 'இல்லை என்பது பொய்' மட்டும்தான், 'உண்டு' கிடைக்காது. வெறும் தாளை வைத்துக்கொண்டு கொக்கு வந்தது என்று சொல்ல முடியாது.

இதற்குப் பலரும் பல வழி கண்டார்கள். லெனின்கிராடில் செர்கேய் மாஸ்லவ் 1964-லேயே, எதிரே எழுதிப் பொய்யாக்காமல், தெரிந்ததிலிருந்து முன்னோக்கிக் கட்டிக்கொண்டு போகும் முறையைத் தந்திருந்தார். அது பிரௌவரின் தர்க்கத்துக்கும் ஒத்துவந்தது. பிரான்சின் துலூஸ் நகரில் லூயிஸ் ஃபரிஞாஸ் தெல் செரோ 1980-களில், 'கட்டாயம்', 'கூடும்' என்ற உறைகளுக்குள் இருக்கும் செய்திகளை எப்போது அடிக்கலாம், எப்போது கூடாது என்று விதி வகுத்தார். புரோலாக்கையே அந்தப் பக்கம் நீட்டி ஒரு மொழியும் செய்தார்கள். 1988-ல் ஜெர்மனியின் ஓல்பாக் வேறு வழி சொன்னார்: ஒவ்வொரு செய்தியும் எந்த 'உலகத்தில்' உண்மை என்று பக்கத்தில் குறித்துவிடு, குறிப்புகள் பொருந்தினால் மட்டும் அடி. எங்கள் பாஷையில் சொன்னால், கோப்பு எண் பொருந்தினால்தான் கணக்கு நேர் செய்யலாம். வியன்னாவில் பாஸும் ஃபெர்முல்லரும் 1990-களில், மூன்றோ நான்கோ மதிப்புள்ள தர்க்கங்களுக்கு, ஒவ்வொரு கூற்றோடும் அதன் மதிப்பையும் சேர்த்தெழுதி, ஒரே கூற்றுக்கு இரண்டு மதிப்பு வந்தால் அடிக்கும் முறையை வகுத்தார்கள்.

ரைட்டரும் 1980-ல் தன் பங்குக்கு, 'வேறு தகவல் வரும்வரை இப்படி வைத்துக்கொள்' என்று நாம் அன்றாடம் செய்யும் ஊகத்துக்கே தர்க்கம் எழுதினார். இதில் புதுத் தகவல் வந்தால் பழைய முடிவை வாபஸ் வாங்கலாம். செவ்வியல் தர்க்கத்தில் அது முடியாது. ஒருமுறை நிரூபித்தது நிரூபித்ததுதான். கோப்பை மறுபடி திறக்க இடம் கொடுத்த தர்க்கம் என்று இதைச் சொல்லலாம்.

இதெல்லாம் சீமைச் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி சமணர் மலையில், தீர்த்தங்கரர் சிற்பங்களுக்குக் கீழே உள்ள பழைய கல்வெட்டுகளில், வெண்பு நாட்டுக் குறண்டி என்ற ஊர் வருகிறது. அந்த ஊர் அஷ்டோபவாசி படாரர், அவர் மாணாக்கர் குணசேன தேவர், அவர் மாணாக்கர் கனகவீரப் பெரியடிகள் என்று ஆசிரிய பரம்பரையே வெட்டியிருக்கிறது. குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்தது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குரண்டிதான் அது என்று ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால், இந்தக் கரிசல் காட்டிலிருந்து மதுரைக்கு வாத்தியார்கள் போயிருக்கிறார்கள்!

அந்தச் சமணர்களின் தர்க்கத்தில் பெயர்போனது ஸ்யாத்வாதம். எதையும் 'ஒரு வகையில்' என்று சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் கொள்கை. ஒரு வகையில் உண்டு, ஒரு வகையில் இல்லை, ஒரு வகையில் சொல்லில் அடங்காதது. இந்த மூன்றும் தனியாகவும், இரண்டிரண்டாகவும், மூன்றும் சேர்ந்தும் வந்தால் ஏழு. புள்ளியியல் மேதை மஹலநோபிஸ் 1950-களில் இதைப் பற்றி எழுதினார். உயிரியல் அறிஞர் ஹால்டேனும் 1957-ல் எழுதினார். அந்த ஏழும் இன்றைய பல மதிப்புத் தர்க்கமும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சமணர் நோக்கம் வேறு. ஆனால் 'உண்டு, இல்லை' இரண்டோடு நிறுத்தாமல் மூன்றாவது நாற்காலி போட்டவர்கள் அவர்கள்.

பௌத்தர்களும் சளைத்தவர்கள் இல்லை. உ.வே.சா. 1898-ல் பதிப்பித்த மணிமேகலையில் 29-ஆம் காதை முழுக்கத் தர்க்கப் பாடம். அறவணர் மணிமேகலைக்குச் சொல்கிறார். பிழையான காரணங்கள் 14 வகை: அசித்தம் நான்கு, அநைகாந்திகம் ஆறு, விருத்தம் நான்கு. இதில் கவனிக்க வேண்டியது, அநைகாந்திகமும் விருத்தமும் தனித்தனி என்பது. 'நாலு கால் இருக்கிறது, ஆகவே மாடு' என்றால் அது அநைகாந்திகம். ஆட்டுக்கும் நாலு கால்தான். காரணம் ஒன்றையும் நிலைநாட்டவில்லை, அவ்வளவே. விருத்தமோ நேர் எதிரானதை நிலைநாட்டிவிடும். நிலைநாட்டாமல் போவது வேறு, எதிர்ப்பதை நிலைநாட்டுவது வேறு. இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் 1976-ல் நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்.

இன்றும் இந்தப் படிப்பு நம் ஊரில் நடக்கிறது. சென்னை தரமணியில் 1962-ல் தொடங்கிய கணித அறிவியல் நிறுவனத்தில், யாருக்கு எது தெரியும் என்பதைப் பற்றிய தர்க்கத்தில் ஆர். ராமானுஜம் போன்றோர் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். தர்க்கத்துக்கான இந்திய மாநாடு 2009 ஜனவரியில் சென்னையில்தான் நடந்தது.

சரி, 1976.

ஆதரவற்ற விதவைக்கான உதவித்தொகை கேட்டு ஒரு மனு என் மேசைக்கு வந்தது. திருச்சுழிப் பக்கத்து அம்மாள், ஐம்பது தாண்டிய வயது. யாரோ மனு எழுதிக் கொடுத்து, அவர் கைநாட்டு வைத்திருந்தார். 'கணவர் இறந்துவிட்டார்' என்று கண்டிருந்தது. சான்றிதழ் இல்லை. பதிவேட்டைப் புரட்டினேன். பெயர் காணவில்லை. 'பதிவேட்டில் பதிவு காணப்படவில்லை' என்று நான் நிறுத்தியிருக்க வேண்டும். நான் எழுதியது: 'பதிவேட்டில் பதிவு இல்லாததால் மனுதாரரின் கணவர் இறக்கவில்லை எனத் தெரிகிறது. மனுவைத் தள்ளுபடி செய்யலாம்.' மேலே கையெழுத்தானது. என் வாக்கியம் அப்படியே உத்தரவாகப் போனது.

ஆறு மாதம் கழித்து, ஓய்வுபெறவிருந்த தலைமை எழுத்தர் ஒருவர் அந்தக் கோப்பை எதேச்சையாகப் பார்த்தார். "ஏன்டா தம்பி, காணோம்னு எழுத வேண்டிய இடத்துல உசுரோட இருக்கான்னு எழுதிட்டியே! நீ போய்ப் பாத்தியா?" என்று கேட்டார். பிறகு சாட்சியச் சட்டத்தின் 107, 108 பிரிவுகளைக் காட்டினார். முப்பது ஆண்டுக்குள் உயிரோடு இருந்ததாகத் தெரிந்த ஒருவர் இறந்துவிட்டார் என்று சொல்கிறவரே அதை நிரூபிக்க வேண்டும். ஆனால், கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் ஏழு ஆண்டாக அவரைப் பற்றி ஒரு சேதியும் கேள்விப்படவில்லை என்றால், உயிரோடிருக்கிறார் என்று சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும். 1872-லேயே சட்டம் 'வேறு தகவல் வரும்வரை' என்ற தர்க்கத்தை எழுதி வைத்திருந்தது. ரைட்டர் 1980-ல்தான் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் அந்த அம்மாளைத் தேடிப் போனேன். கணவர் ஒன்பது வருஷத்துக்கு முன் பஞ்சம் பிழைக்க வடக்கே போனவர், கடிதாசி கிடையாது, சேதி கிடையாது. 'ஏழு வருஷம் தாண்டிவிட்டது. இறந்ததாகவே கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புதிதாக மனுக் கொடுங்கள்' என்று விளக்கினேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "ஐயா, அன்னைக்கு அவன் எழுதிட்டு வைன்னான், வச்சேன். செத்துட்டாருன்னு எழுதியிருந்தது எனக்குத் தெரியாது. இருக்காருன்னும் சொல்ல மாட்டேன், இல்லைன்னும் சொல்ல மாட்டேன். நான் எப்படிய்யா சொல்லுவேன்?" கழுத்தில் மஞ்சள் கயிறு இருந்தது.

சட்டம் ஒரு வழி வைத்திருந்தது. அந்த வழியில் அவர் வர மறுத்தார். நான் வற்புறுத்தவில்லை. மூன்று வருஷம் கழித்து, அறுபது வயது ஆனபோது முதியோர் உதவித்தொகைக்கு நானே மனு எழுதிக் கொடுத்தேன். கணவர் பற்றிய இடத்தில், 'பல ஆண்டுகளாகத் தகவல் இல்லை' என்று எழுதினேன். அந்தக் கோப்பில் நான் எழுதிய முதல் உண்மையான வாக்கியம் அதுதான். மனு ஏற்கப்பட்டது. இடையில் போன மூன்று வருஷத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

இன்று உதவித்தொகை, ரேஷன், ஓய்வூதியம் எல்லாம் கணினியில்தான். நம் வயதில் இருக்கிறவர்கள் ஆண்டுதோறும் உயிரோடு இருக்கிறோம் என்று காட்ட வேண்டியிருக்கிறது. கைரேகை தேய்ந்துபோய் மெஷின் ஏற்காவிட்டால் திரையில் என்ன வர வேண்டும்? 'அடையாளம் காண முடியவில்லை' என்று வரலாம். 'இவர் இல்லை' என்று வரக் கூடாது. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை அளக்கத்தான் பிரௌவரிலிருந்து துலூஸ், வியன்னா வரை இத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள். அந்த உழைப்பு நம் தாலுகா வரை வந்து சேர வேண்டும்.

பேரன் ஊருக்குக் கிளம்புமுன் என் அத்தையின் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தான். மறுபடி கேட்டான். 'உண்டு' என்று வந்தது.

"இன்னும் யார் யாரை விட்டோமோ" என்றேன்.

"அது மெஷினுக்குத் தெரியாது தாத்தா" என்றான்.

"தெரியாதுன்னு சொல்லக் கத்துக்கொடு" என்றேன்.